நெசவாளர் வீட்டுப் பெண்ணும் விண்வெளித் தொழிலும்

1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி சோவியத் நாட்டிலிருந்து வோஸ்டாக்-6 என்னும் விண்கலம் கிளம்பிற்று. அதனுள் தன்னந்தனியாக அமர்ந்திருந்தவர் வாலண்டினா தெரஷ்கோவா என்ற 26 வயதுப் பெண்மணி. விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் அவரே என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆனால் எந்தத் தொழிலிலிருந்து அவர் அங்கே சென்றார் என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அவர் யாரொஸ்லாவ்ல் என்ற நகரில் நெசவாலையில் வேலை பார்த்த தொழிலாளி. அவருடைய தாயாரும் பஞ்சாலையில் உழைத்தவரே. டிராக்டர் ஓட்டி வந்த தந்தை, மகள் சிறு குழந்தையாய் இருக்கையிலேயே போரில் மாண்டார். ஆலை வேலை போக மீந்த நேரத்தில் தபால் மூலம் நெசவுத் தொழில் நுணுக்கம் படித்தார். ஊரிலிருந்த விமானச் சங்கத்தில் சேர்ந்து பாராசூட்டில் குதிக்கவும் பழகிக்கொண்டார். அந்தப் பழக்கமே அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று. ஏனெனில் அக்காலத்து வோஸ்டாக் கலத்தில் சென்றவர்கள் தரையை நெருங்கும்போது கலத்தை விட்டு வெளியேறிப் பாராசூட்டிலேதான் இறங்க வேண்டியிருந்தது. 48 முறை பூமியை வலம் வந்து, ஏறக்குறைய 71 மணி நேரம் கழித்து அவர் தரை இறங்கினார்.

நூல் விலை, கூலி உயர்வு, பயிர்க் கடன், ரிபேட்டு பாக்கி ஆகியவற்றைப் பேசும் ஏட்டிலே இந்தக் கதைக்கு என்ன இடம் என்று அங்கத்தினர்கள் எண்ணலாம். இடம் இருக்கிறது என்பதே என் கட்சி. நம் சங்கங்களின் அங்கத்தினர் குடும்பங்களில் வளரும் பெண் பிள்ளைகளுக்கு விண்வெளி விஞ்ஞானமும் பொறியியலும் கூட ஒரு பிழைப்பு என்பதைக் காட்டிக் கொடுக்க வேண்டும். காட்டிக் கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை மாத்திரம் அன்று, சங்கத்தின் வேலையும் ஆகும்.

என் சரகத்தில் நெசவாளர் சங்கங்களும் தொடக்க வேளாண்மைச் சங்கங்களும் கலந்து இருக்கின்றன. கூலிப் பட்டுவாடா நாளில் சங்கத்துக்குப் போனால் அங்கத்தினர்களின் வீட்டுச் செய்திகள் எல்லாம் தாமாகவே காதில் விழும். மே, ஜூன் மாதங்களில் விழும் செய்தி பெரும்பாலும் ஒன்றே. பத்தாம் வகுப்பில் பெண் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள், கணக்கிலும் விஞ்ஞானத்திலும் தொண்ணூறுக்கு மேல். அடுத்தபடி என்ன என்று கேட்டால், "பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிரிவு இருக்கிறதோ அதில் போட்டுவிட்டோம்" என்பார்கள். கணிதப் பிரிவு உள்ள பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருக்கும். அண்ணனாக இருந்தால் போவான். தங்கை போக மாட்டாள். அந்த ஒரு வாரத்தில், பஸ் நேரத்தையும் பிள்ளை வீடு திரும்பும் பொழுதையும் கணக்கிட்டுச் செய்யும் அந்த முடிவில், ஒரு பெண்ணின் பொறியியல் படிப்பு முடிந்துவிடுகிறது. அது முடிந்தது என்பதையே யாரும் அறிவதில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை, திட்டவில்லை. ஒரு கதவு இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது.

ஒரு சங்கத்தில் தாயார் ஒருவரிடம் இதைப் பற்றி நான் சற்று நேரம் வாதாடினேன். அவர் மகள் பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு அந்த விளக்கிலேயே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவள். தாயார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மா, நீங்கள் பரீட்சை எழுதி இன்ஸ்பெக்டராக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த உத்தியோகம் என் கண்ணுக்குத் தெரிகிறது. டீச்சர் வேலை தெரிகிறது, நர்ஸ் வேலை தெரிகிறது. நீங்கள் சொல்கிற வேலையைப் பார்க்கிற பெண் ஒருத்தியை நான் பார்த்ததே இல்லையே. பார்க்காத வேலைக்குப் பிள்ளையை எப்படி அனுப்புவது?"

அந்தக் கேள்வி நியாயமானது. பெண்ணடிமை, பழமை என்று பெரிய சொற்களை எடுத்து வீசி அதைத் தள்ளிவிட முடியாது. பார்க்காத சரக்குக்கு எந்த வியாபாரியும் முன்பணம் கொடுக்க மாட்டான் அல்லவா? ஆகவே அந்தத் தாயார் பார்த்திராத பெண்கள் சிலரை இங்கே சொல்லுகிறேன்.

தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையைச் சேர்ந்தவர் நிகர் ஷாஜி. விவசாயி மகள். தம் ஊர்ப் பெண்கள் பள்ளியிலே படித்து, திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியில் மின்னணுவியலும் தகவல் தொடர்பும் பயின்று, 1987-ல் இஸ்ரோ என்னும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். சூரியனை ஆராய்வதற்காக 2023 செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 கலத்தின் திட்ட இயக்குநர் அவரே. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள தன் இடத்தை அக்கலம் 2024 ஜனவரி 6-ந் தேதி சென்றடைந்தது. இதற்கு முன்பு, நிலத்தையும் பயிரையும் படம் பிடிக்கும் ரிசோர்ஸ்சாட்-2ஏ என்ற செயற்கைக்கோளின் இணைத் திட்ட இயக்குநராகவும் அவர் இருந்தார். விவசாயி மகள் செய்த கோள் விவசாயியின் வயலைப் பார்த்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அரியலூரைச் சேர்ந்தவர் ந. வளர்மதி. கோயமுத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். 2012 ஏப்ரல் 26-ந் தேதி ஏவப்பட்ட ரிசாட்-1 என்னும் ராடார் செயற்கைக்கோளுக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர். தமிழக அரசாங்கம் அப்துல் கலாம் பெயரால் விருது ஒன்றை ஏற்படுத்தியபோது, 2015-ல் முதல் விருதைப் பெற்றவரும் இவரே. சென்னையைச் சேர்ந்த முத்தையா வனிதா, கிண்டி பொறியியற் கல்லூரியில் படித்தவர். 2019 ஜூலை 22-ந் தேதி சந்திரனை நோக்கிச் சென்ற சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர். அந்தப் பயணத்தின் செயற்பாட்டு இயக்குநரும் ஒரு பெண்ணே. லக்னோவைச் சேர்ந்த ரிது கரிதால்.

இவர்களில் ரிசாட்-1 செய்த வேலையைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது விவசாய அங்கத்தினர்களின் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. சாதாரணக் கோள் காமிராவைப் போன்றது. வெளிச்சம் வேண்டும், மேகம் மறைக்கக் கூடாது. நம் ஊரில் சம்பா நெல் வளருவதோ வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில். வானம் நாள் கணக்கில் மூடிக் கிடக்கும். அப்போது காமிராக் கோளுக்கு மேகத்தின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. ராடார் கோள் தானே நுண்ணலைகளைக் கீழே அனுப்பி, அவை தரையில் பட்டுத் திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இருட்டும் அதற்குத் தடையல்ல. நடவு செய்த வயலில் தண்ணீர் தளும்பி நிற்கும்போது அலை வழுக்கி வேறு பக்கம் போய்விடும். படத்தில் வயல் கறுப்பாக இருக்கும். பயிர் தூர் கட்டி வளர வளர, திரும்பும் அலை அதிகமாகி வயல் வெளுத்துக்கொண்டு வரும். கறுப்பிலிருந்து வெளுப்புக்குச் செல்லும் இந்த ஓட்டத்தை வைத்தே எத்தனை ஏக்கரில் எந்த வாரத்தில் நடவு நடந்தது என்று சொல்லிவிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்தகைய ராடார் படங்களைக் கொண்டு நெற்பரப்பையும் விளைச்சலையும் கணிக்கும் முறையில் நெடுநாளாக உழைத்து வந்திருக்கிறது. அக்கணிப்பு பயிர் இன்ஷுரன்ஸுக்கும் பயன்பட்டிருக்கிறது. மூழ்கிய வயலுக்கு இழப்பீடு கேட்டு விவசாயி மனுவும் கையுமாக அலைகிறாரே, அந்த மனுவுக்கு மேலிருந்து ஒரு சாட்சி கிடைப்பதென்பது சிறிய காரியமா? அந்தச் சாட்சியை உருவாக்கும் தொழிலில் நம் வீட்டுப் பெண்ணுக்கும் இடம் உண்டு என்று சொன்னால், அது எட்டாத கனவு என்று யார் சொல்ல முடியும்?

நெசவாளர் பக்கம் வருவோம். நெசவுக்கும் விண்வெளிக்கும் என்ன ஒட்டு என்று கேட்பவர்கள் இதைக் கேட்டு வியக்கக் கூடும். இந்திய விண்வெளி முயற்சியின் தந்தை எனப்படும் விக்ரம் சாராபாய், ஆமதாபாத்தில் துணியாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். இராக்கெட்டுகளைத் தொடுவதற்கு வெகு முன்னதாக, 1947-ல் ஆமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றவர் அவரே. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1963 நவம்பர் 21-ந் தேதிதான் தும்பாவிலிருந்து முதல் இராக்கெட் கிளம்பிற்று.

இன்னும் கேளுங்கள். காஞ்சீபுரத்திலும் ஆரணியிலும் சேலை நெய்பவர்களுக்கு ஜக்கார்டு பெட்டியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் துளை இருந்தால் இழை எழும்பும், துளை இல்லையானால் எழும்பாது. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் அமைத்த இந்த 'உண்டு, இல்லை' கணக்குதான் பிற்காலத்தில் கணிப்பொறிக்குத் துளை அட்டையாக வந்து சேர்ந்தது. பேட்டு என்றும் புட்டா என்றும் நாம் அட்டையில் அடித்து வைப்பதும், கணிப்பொறிக்கு எழுதும் கட்டளையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

1969 ஜூலையில் மனிதர் சந்திரனில் இறங்கினார்கள் அல்லவா? அந்தக் கலத்தை வழிநடத்திய கணிப்பொறியின் நினைவகம் நெய்யப்பட்டது. உவமைக்காகச் சொல்லவில்லை; உண்மையாகவே கையால் நெய்யப்பட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் என்ற ஊரில் ரேத்தியான் கம்பெனித் தொழிற்சாலையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஊசியில் மெல்லிய கம்பியைக் கோத்துச் சின்னஞ்சிறு காந்த வளையங்களின் ஊடே செலுத்தினார்கள். கம்பி வளையத்தின் உள்ளே புகுந்து சென்றால் ஒன்று என்று பொருள். வெளியே விலகிச் சென்றால் பூஜ்யம் என்று பொருள். இப்படி 36,864 சொற்கள் அளவுள்ள கட்டளைகள் கம்பியிலே பின்னப்பட்டன. ஒரு கம்பி இடம் மாறினால் கட்டளை பிழைபடும். பிழையைப் பிரித்துத் திருத்துவதோ நாட்கணக்கான வேலை. புணி தவறிய பாவை வைத்துக்கொண்டு அவதிப்பட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். அக்கட்டளைகளை எழுதிய பொறியாளர் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணியே. அந்தப் பயணத்தில் சென்றவர்கள் உடுத்த, பல அடுக்குத் துணிகளைச் சேர்த்த உடையைத் தைத்தவர்களும் தையற்காரப் பெண்களே. கோடி கோடியாகச் செலவழித்த அந்த முயற்சி கடைசியில் ஊசி பிடித்த விரலை நம்பியே நின்றது.

நம் நாட்டிலும் அப்படியே. பி.எஸ்.எல்.வி. இராக்கெட்டின் மூன்றாம் கட்டத்து மோட்டார்க் கூடு, கெவ்லார் என்னும் வன்மையான இழையைப் பசையில் தோய்த்து அச்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிச் சுற்றி உண்டாக்கப்படுவது. இழுப்பு எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இழை அறக் கூடாது, தளரக் கூடாது. தார் சுற்றும் பெண்ணுக்கு இதில் எந்தச் சொல் புதியது? தார் சுற்றத் தெரிந்தவர்கள் எல்லோரும் இராக்கெட் செய்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இடையில் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் வெகுவாக இருக்கின்றன. ஆனால் இழையின் குணத்தைக் கையினால் அறிந்த குடும்பத்துப் பிள்ளை அந்தப் படிப்பில் அந்நியமாக நிற்க வேண்டியதில்லை.

இனி, மறு பக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. பத்திரிகைகளில் பட்டுப் புடவையும் பூவுமாகப் பெண் விஞ்ஞானிகள் சிரிக்கும் படங்களைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. தெரஷ்கோவாவுக்குப் பிறகு இரண்டாவது பெண்ணை விண்ணுக்கு அனுப்ப அந்த நாட்டுக்கே 19 ஆண்டுகள் பிடித்தன. 1982-ல்தான் ஸ்வெத்லானா சவித்ஸ்கயா சென்றார். ஒரு பெண்ணை அனுப்பிப் பெயர் வாங்கியாயிற்று, போதும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள் போலும். அமெரிக்காவோ 1983 வரை ஒரு பெண்ணையும் அனுப்பவில்லை. நம் நாட்டில் ககன்யான் திட்டத்துக்கென்று 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரும் ஆண்களே. விமானப் படையின் பரிசோதனை விமானிகளிலிருந்து தேர்ந்தெடுத்ததனால் அப்படி நேர்ந்தது என்பது காரணம். காரணம் சரிதான், ஆனால் அந்தப் படிக்கட்டின் கீழ்ப் படியில் பெண்கள் இல்லாவிட்டால் மேற்படியிலும் இருக்க மாட்டார்கள் என்பதைத்தானே அது காட்டுகிறது? இஸ்ரோவின் பொறியாளர்களிலும் பெண்கள் இன்னமும் சிறுபான்மையோரே.

இடங்கள் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. ஓர் அறிவிப்பு வந்தால் நாடு முழுவதிலுமிருந்து விண்ணப்பங்கள் குவிகின்றன. "உன் பெண் இராக்கெட் விஞ்ஞானி ஆவாள்" என்று எந்தப் பெற்றோரிடமும் யாரும் வாக்குக் கொடுக்கலாகாது. அப்படி ஆசை காட்டி வசூல் செய்யும் பயிற்சிக் கூடங்கள் முளைத்திருப்பதையும் நான் காண்கிறேன். அவற்றிடம் அங்கத்தினர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் சொல்லுவது வேறு. அந்த வழியில் புறப்பட்ட பெண், அங்கேயே போய்ச் சேராவிட்டாலும் கையில் பொறியியல் அல்லது தொழில்நுட்பப் படிப்போடு நிற்பாள். மின்னணுத் தொழில், கணிப்பொறி, கோள் படங்களைக் கொண்டு நில அளவும் நீர்வளமும் கணிக்கும் வேலை ஆகியவை அந்தப் பாதையின் ஓரத்திலேயே இருக்கின்றன. தனியார் கம்பெனிகளும் இத்துறையில் இறங்கிவிட்டன. சென்னையில் தோன்றிய அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் சோதனை இராக்கெட்டைச் செலுத்தியது.

தோல்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்ற அமைப்பின் ஏற்பாட்டில், நாட்டின் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் கூடி ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோளுக்கான கருவிகளை உருவாக்கினார்கள். 2022 ஆகஸ்டு 7-ந் தேதி அது ஏவப்பட்டது. புதிய வகை இராக்கெட்டின் முதல் பயணம் அது. கடைசிக் கட்டத்தில் கோளாறு நேர்ந்து, கோள் வட்டமான பாதைக்குப் பதிலாகத் தாழ்ந்த பாதையில் விடப்பட்டு வீணாயிற்று. பிள்ளைகள் எவ்வளவு அழுதிருப்பார்கள்! ஆனால் அதோடு நிற்கவில்லை. ஆறு மாதங்கள் கழித்து, 2023 பிப்ரவரி 10-ந் தேதி ஆசாதிசாட்-2 சரியான பாதையில் சென்று சேர்ந்தது. பதினைந்து வயதில் இப்படி ஒரு தோல்வியையும் அதற்கு மேல் ஒரு வெற்றியையும் பார்த்துவிட்ட பெண், பரீட்சையில் நாலு மார்க்கு குறைந்ததற்காகப் படிப்பை நிறுத்த மாட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எந்தெந்த வழிகள் உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் பௌதிகமும் உள்ள பிரிவை எடுத்தால் பொறியியற் கல்லூரிக்குப் போகலாம். இயந்திரவியல், மின்னணுவியல், கணிப்பொறியியல் ஆகியவற்றில் 65 சதவிகிதத்துக்குக் குறையாமல் பெற்ற பட்டதாரிகளை இஸ்ரோ பரீட்சை வைத்து எடுக்கிறது. திருவனந்தபுரத்தில் விண்வெளிப் படிப்புக்கென்றே 2007-ல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அதற்கு ஜே.இ.இ. மேல்நிலைத் தேர்வு எழுத வேண்டும். அது கடினமான வாசல்.

ஆனால் நம் அங்கத்தினர்கள் பெரும்பாலும் கேள்விப்படாத வாசல்கள் வேறு இரண்டு உண்டு. பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தவர்களைத் தொழில்நுட்ப உதவியாளர்களாகவும், ஐ.டி.ஐ. முடித்தவர்களை டெக்னீஷியன்களாகவும் இஸ்ரோவின் நிலையங்கள் எடுக்கின்றன. டிப்ளமா படித்தவர் பிறகு பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. டிப்ளமா என்றால் தாழ்வு என்று நினைப்பவர்கள், 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்ற கன்னியாகுமரி மாவட்டத்து வி. நாராயணனும், சந்திரயான்-3 திட்ட இயக்குநரான விழுப்புரத்து ப. வீரமுத்துவேலும் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தே மேலே வந்தவர்கள் என்பதை அறிய வேண்டும். ஆண்கள் ஏறிய அந்தப் படியில் பெண்கள் ஏன் அதிகம் ஏறவில்லை? என் அபிப்பிராயத்தில், பெண்ணை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் படிக்க அனுப்பக் கூச்சப்படுகிறோம். அதே பெண் வீட்டில் குழித்தறியில் இறங்கிக் கால்மிதி மிதித்தால் கூச்சப்படுவதில்லை.

செலவைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆயினும் முன்பிருந்த அளவு இல்லை. அரசாங்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவர்களுக்குப் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்க 2021-ல் தமிழகத்தில் சட்டம் வந்தது. அதில் சேர்ந்தவர்களின் கல்லூரிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றது. உயர்கல்வி பயிலும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று. கட்டணத்தைக் காட்டிலும், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் தூரத்துப் பள்ளிக்குப் போய்வரும் ஏற்பாடும், மாலையில் பெண் திரும்பும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் ஒரு விளக்கும்தான் பல வீடுகளில் தடையாக நிற்கின்றன. இந்த இடத்தில் அரசாங்கத்துக்கு எட்டாதது சங்கத்துக்கு எட்டும்.

சங்கம் என்ன செய்யலாம்? இலாபத்தில் இயங்கும் சங்கங்கள் பொது நன்மைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருக்கின்றன. அது எப்படிச் செலவாகிறது என்பதை நான் பதிவேடுகளில் பார்க்கிறேன். மாலை, பொன்னாடை, விளம்பரத் தட்டி, சிற்றுண்டி. துணைவிதிகளுக்கு உட்பட்டு, நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு, அதில் ஒரு பங்கை அங்கத்தினர் வீட்டுப் பெண்களின் பஸ் செலவுக்கும் கணிதப் புத்தகத்துக்கும் வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஐந்து பெண்கள் ஒரே பள்ளிக்குச் சேர்ந்து போனால் தாய்மாரின் பயமும் பாதியாய்க் குறையும். ஒருத்தியைத் தனியாக அனுப்பத் தயங்குகிற ஊர், ஐவரைக் கூட்டாக அனுப்பத் தயங்காது. கூட்டுறவு என்று நாம் பேசுவது நூல் கொள்முதலுக்கு மட்டுந்தானா?

பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் வாரத்தில், கூலிப் பட்டுவாடா நாளிலோ உரப் பட்டுவாடா நாளிலோ, அரை மணி நேரம் ஒதுக்கிப் பெற்றோரைக் கூட்டிப் பேசலாம். பேசுவதற்கு ஊர்ப் பெண்ணாகப் பிறந்து பொறியியல் படித்த ஒருவரை அழைக்க வேண்டும். பெரிய விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து நகரத்தில் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் உதவிப் பொறியாளர் அம்மாள் போதும். அவர் சேலை கட்டிக்கொண்டு வந்து, தமிழிலே பேசி, தம் சம்பளத்தையும் தாம் தங்கிய விடுதியின் கதையையும் சொன்னால், என்னிடம் கேள்வி கேட்ட தாயாருக்கு அதுதான் பதில். நான் சொன்ன பதில் எதுவும் பதிலாகவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இஸ்ரோ 2019-ல் தொடங்கிய 'யுவிகா' என்ற இளம் விஞ்ஞானிகள் பயிற்சியைப் பற்றியும் தலைமையாசிரியர்களிடம் விசாரித்து வைக்க வேண்டும். தேர்வாகும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்தும் தங்குமிடமும் இலவசம். கிராமப் பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளிகளில் படிப்பவர்களுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு. நகரத்துப் பிள்ளைக்கு இல்லாத சலுகை இது. விண்ணப்பம் கணிப்பொறி வழியே அனுப்ப வேண்டியிருப்பதால், சங்க அலுவலகத்து எழுத்தர் அரை மணி நேரம் உதவினால் காரியம் முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணால் காட்ட வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ நிலையம் நெடுங்காலமாக இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. தென் மாவட்டத்துப் பெண்ணுக்கு இது இனித் தொலைதூரத்து உத்தியோகம் அல்ல, ஒரு பொழுதுப் பயணத்தில் உள்ளது. ஐக்கிய நாடுகள் சபை 1999-ல் அறிவித்தபடி ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்தில் மகேந்திரகிரி நிலையத்தார் தமிழ்நாட்டுப் பல ஊர்களில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் சேர்த்துக்கொண்டு கண்காட்சிகளும் போட்டிகளும் நடத்துவது வழக்கம். ஒரு வட்டாரத்தில் உள்ள மூன்று நான்கு சங்கங்கள் சேர்ந்து ஒரு வண்டி அமர்த்தி, எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பெண்களையும் அவர்களோடு தாய்மாரையும் அழைத்துச் செல்லலாம். தாய்மாரை விட்டுவிட்டுப் பிள்ளைகளை மாத்திரம் கூட்டிப் போவதில் பாதிப் பயன்தான். கண்காட்சி எந்த ஊரில் என்பதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிர்வாகக் குழு ஆகஸ்டு மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிட்டால், செலவுக்கு அனுமதி பெறவும் வண்டிக்கு முன்பணம் கட்டவும் செப்டம்பர் முழுவதும் கையில் இருக்கும். தீர்மானத்தின் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதும் செயலாளர்களுக்கு நானே எழுதித் தருகிறேன்.